வெயில் கேட்கும் காடு: மத்திய ஐரோப்பாவின் வறண்ட ஓக் காடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியக் காடு என்றதும் பலருக்கும் பனி போர்த்திய ஊசியிலை மரங்கள்தான் கண்ணில் தெரியும். செக் நாட்டின் தெற்கு மொராவியா, ஆஸ்திரியாவின் கிழக்கு விளிம்பு, ஸ்லோவாக்கியாவின் தெற்கு, ஹங்கேரி ஆகிய இடங்களில் வெயில் காயும் சரிவுகளில் நிற்கும் ஓக் காடுகள் வேறு ரகம். அவற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "வெட்டினால்தான் காடு பிழைக்கும் என்கிறீர்களே, இது என்ன கூத்து?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அதற்கான பதில் கொஞ்சம் நீளம். முதலில் அடிப்படையை முடித்துவிட்டு அங்கே வருகிறேன்.

சரியாக எந்தக் காட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆல்ப்ஸ் மலைக்கும் கார்பேத்தியன் மலைத்தொடருக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும் பன்னோனியச் சமவெளியும் அதைச் சுற்றியுள்ள குன்றுகளும்தான் களம். ஆண்டு மழை பல இடங்களில் 500 முதல் 600 மி.மீ. வரைதான். கோடை சுடும். தெற்குப் பார்த்த சரிவில் சுண்ணாம்புப் பாறைமேல் ஒரு சாண் மண்கூட இருக்காது. பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும். இவற்றை 'வெப்பக் காடு' என்று சொல்வது ஐரோப்பியக் கணக்கு. குளிர்காலத்தில் இங்கேயும் உறைபனி உண்டு, மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும்.

பீச் மரம் வளர ஈரம் போதாது, வெறும் புல்வெளியாகிப்போக மழை கொஞ்சம் அதிகம். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த இடத்தில்தான் ஓக் ஆட்சி செய்கிறது.

'கலப்பு' என்றால் என்ன கலப்பு?

முதலில் ஓக்கிலேயே பல வகை (அறிவியல் பெயரில் ஓக் என்றால் குவெர்கஸ்). இலையின் அடிப்பக்கம் பூனைமயிர் படர்ந்த குவெர்கஸ் ப்யூபெசென்ஸ், வறட்சிக்கு அசராதது. கொட்டை காம்பில்லாமல் கிளையோடு ஒட்டி நிற்கும் குவெர்கஸ் பெட்ரியா, குன்றுகளின் நடுப்பகுதிக்கு உரியது. கொட்டையின் கிண்ணம் சுருள்முடி வைத்ததுபோல் இருக்கும் துருக்கி ஓக், தெற்கே போகப்போக அதிகம். சமவெளியின் ஆழமான மண்ணில் குவெர்கஸ் ரோபர். முதல் இரண்டும் ஒன்றோடொன்று தாராளமாகக் கலப்பினம் ஆவதால், ஒரே மரத்தைக் காட்டி இரண்டு தாவரவியலாளர்கள் இரண்டு பெயர் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அவற்றோடு வயல் மேப்பிள், காட்டுப் பேரி, சோர்பஸ் வகைகள். கீழே கார்னேலியன் செர்ரி என்ற புதர். இலை வருவதற்கு முன்பே, பனி விலகும் காலத்தில், மஞ்சளாகப் பூத்துவிடும். அதன் கட்டை தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கெட்டி. பழத்தில் ஜாம் போடுவார்கள், சாராயமும் காய்ச்சுவார்கள்.

ஒரு குன்றின் உச்சியிலிருந்து கீழே நடந்தால் காடு மூன்று முறை சட்டை மாற்றும். உச்சியில் மரமா புதரா என்று சொல்ல முடியாதபடி கோணல்மாணலாக, இரண்டு ஆள் உயரத்தில் ஓக். நடுநடுவே புல் திட்டு. பாதி வழியில் நேராக நிற்கும் மரங்கள். அடிவாரத்தில் லோயஸ் என்ற காற்று கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண், அதில் புல்வெளி ஓக் காடு. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மண் உழவுக்கு அருமையானது என்பதால் பெரும்பகுதி எப்போதோ வயலாகவும் திராட்சைத் தோட்டமாகவும் போய்விட்டது. மிச்சம் இருப்பவை துண்டு துக்காணிகள்.

நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மாசிக்காய் இந்த மரத்திலிருந்தா வருகிறது?

ஓக்கிலிருந்துதான், ஆனால் இந்தக் காட்டிலிருந்து அல்ல. துருக்கி, ஈரான், கிரீஸ் பக்கத்து வறண்ட மலைகளில் வளரும் குவெர்கஸ் இன்ஃபெக்டோரியா என்ற சிறு ஓக்கில் உண்டாவது அது. பெயரில் காய் இருந்தாலும் காய் இல்லை. ஒரு சின்னக் குளவி மொட்டில் முட்டையிட, மரம் அதைச் சுற்றித் துவர்ப்பான திசுவை உருண்டையாகக் கட்டிவிடும். புழு அதற்குள்ளேயே வளர்ந்து, குளவியாகித் துளைபோட்டு வெளியேறும். கடையில் வாங்கும் மாசிக்காயில் சிறு துளை இருந்தால் குளவி போய்விட்டது என்று பொருள். குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மருந்தில் சேரும் அதே துவர்ப்பு, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதும் மையாக இருந்தது. பன்னோனிய ஓக்குகளிலும் குளவி உருண்டைகள் ஏராளம். ஒரே மரத்தில் ஐந்தாறு வடிவம் பார்க்கலாம்.

தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக ஓக் கிடையாது. இமயமலையில் உண்டு.

சரி, வெட்டினால்தான் பிழைக்கும் என்கிறீர்களே, எப்படி?

இங்கே 'வெட்டுவது' என்பது வேரோடு பெயர்ப்பது அல்ல. நம் ஊரில் தைலமரத் தோப்பை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்த்து வருமே, அதே வேலைதான். ஓக்கும் நன்றாகத் துளிர்க்கும். முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டால், ஒரு கட்டையைச் சுற்றி அடுத்த ஆண்டே பத்துப் பதினைந்து போத்துகள் எழும். சில ஆண்டுகளில் அவை விறகு பருமனாகும். மறுபடி வெட்டு. இப்படி வெட்டுப்பட்ட பழைய கட்டையை நெருங்கிப் பார்த்தால் நடுவில் ஒன்றும் இருக்காது. மக்கிக் குழியாகி இலைச்சருகு நிறைந்திருக்கும். சுற்றிலும் ஏழெட்டுத் தண்டுகள் வட்டம் கட்டி நிற்கும். தண்டுக்கு அறுபது வயது என்றால் வேருக்கு ஐந்நூறு இருக்கலாம்.

கிராமத்துக்கு அடுப்பெரிக்க விறகு, திராட்சைக் கொடிக்கு முளைக்குச்சி, குளிர்காயக் கரி, எல்லாம் இதிலிருந்துதான். காட்டைப் பல துண்டுகளாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு துண்டு வெட்டுவார்கள். தெற்கு மொராவியாவின் பாலவா குன்றுகளில் உள்ள தியேவின் காட்டின் பழைய பத்திரங்களைப் பீட்டர் ஸாபோ என்ற வரலாற்றுச் சூழலியலாளர் ஆராய்ந்தார். இடைக்காலத்தில் 7 ஆண்டுக்கு ஒரு முறை வெட்டியிருக்கிறார்கள். போகப்போக இடைவெளி நீண்டு, 19-ம் நூற்றாண்டில் 30 ஆண்டை எட்டியிருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் சில பெரிய மரங்களை மட்டும் தொடாமல் விட்டுவிடுவார்கள், அவை உத்தரத்துக்கு.

இதன் விளைவு என்னவென்றால், காட்டின் ஏதாவது ஒரு மூலையில் எப்போதும் வெயில் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். இந்த ஆண்டு இங்கே, அடுத்த ஆண்டு பக்கத்தில். வெயில் தேவைப்படும் செடியும் பட்டாம்பூச்சியும் அந்தத் துண்டுகள் வழியே இடம் பெயர்ந்து கொண்டே பிழைத்தன.

ஆடுமாடு மேய்த்ததும் இதே கணக்கில்தானா?

ஆமாம், ஆனால் அங்கே இன்னொரு விஷயமும் உண்டு. மாடு புல்லைத் தின்றது, பன்றி இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டையைத் தின்று கொழுத்தது, வைக்கோல் பற்றாதவர்கள் தொழுவத்தில் போட இலைச்சருகைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். விறகாக, சருகாக, சாணமாக, காட்டின் சத்து நூற்றாண்டுக்கணக்கில் ஊருக்குள் போய்க்கொண்டே இருந்தது. மண் ஏழையானது. வன அதிகாரிகள் திட்டித் தீர்த்தார்கள்; மரம் வளர்ப்பவர் கண்ணுக்கு அது நாசம்தான்.

ஆனால் செடிகளின் கணக்கு தலைகீழ். சத்துள்ள மண்ணில் ஐந்தாறு முரட்டுச் செடிகள் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஏழை மண்ணில் எவராலும் பெரிதாக வளர முடியாது. அதனால் எல்லோருக்கும் இடம் கிடைக்கும். இன்று சருகை அள்ளுவாரில்லை. போதாக்குறைக்கு உர வயலிலிருந்தும் வாகனப் புகையிலிருந்தும் நைட்ரஜன் காற்றில் வந்து மழையோடு இறங்குகிறது. யாரும் கை வைக்காத காட்டுக்கும் ஆண்டுதோறும் இலவச உரம். வேலி போட்டு அதைத் தடுக்க முடியாது. ஒளி குறைவதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், இந்த உரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எனக்கு இதுதான் பெரிய தலைவலியாகத் தெரிகிறது.

வெட்டுவதை நிறுத்தியபின் என்னதான் ஆனது?

நிலக்கரி வந்தது, அப்புறம் எரிவாயு. விறகுக்கு மதிப்புப் போனது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவில் பழைய முறை ஏறக்குறைய முற்றிலும் கைவிடப்பட்டு, காடுகள் உயரமான மரக்காடுகளாக மாற்றப்பட்டன. மேற்கூரை மூடியது. ஹார்ன்பீம், ஆஷ், லிண்டன், மேப்பிள் என நிழலைப் பொறுக்கும் மரங்கள் கீழிருந்து ஏறி வந்தன.

தியேவின் காட்டில் 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் குறித்து வைத்த தாவரப் பட்டியல்கள் இருந்தன. ராடிம் ஹேட்லும் அவரோடு சேர்ந்தவர்களும் அரை நூற்றாண்டு கழித்து அதே இடங்களுக்குப் போய் மீண்டும் பட்டியலிட்டு, 2010-ல் வெளியிட்டார்கள். வெயிலும் வறட்சியும் கேட்கும் செடிகள் குறைந்திருந்தன. ஈரமும் சத்தும் நிழலும் விரும்பும், எங்கும் கிடைக்கிற காட்டுச் செடிகள் கூடியிருந்தன. காட்டை யாரும் அழிக்கவில்லை, வெளியிலிருந்து பார்த்தால் முன்பைவிடப் பச்சையான காடு. இந்த இழப்பைப் பட்டியல் இருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

மனிதன் வருவதற்கு முன் இந்தக் காடு எப்படிப் பிழைத்தது? கோடாரி ஏது?

நல்ல கேள்வி, சண்டை இன்னும் ஓயவில்லை. ஆரோக்ஸ் என்ற ஐரோப்பியக் காட்டெருது, காட்டுக்குதிரை, பைசன் போன்ற பெரிய மேய்ச்சல் விலங்குகள்தாம் காட்டைத் திறந்து வைத்திருந்தன என்று டச்சுச் சூழலியலாளர் பிரான்ஸ் வேரா 2000-ல் வாதிட்டார். பழைய ஏரிப்படிவுகளில் உள்ள மகரந்தத்தை எண்ணுபவர்கள் பலர், பெரும்பகுதி மூடிய காடுதான் என்று மறுத்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வறண்ட சரிவுகளில் பாறையும் வறட்சியும் மரத்தை நெருக்கமாக நிற்க விடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கற்கால விவசாயிகள் இந்தப் பகுதிக்கு வந்து 7,000 ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆகவே 'மனிதக் கை படாத காலம்' என்ற ஒன்றைத் தேடி அதற்குத் திரும்புவது நடைமுறையில் அர்த்தமில்லாத வேலை என்பது என் கருத்து. அந்தக் காட்டெருது 1627-லேயே அழிந்துவிட்டது, அதைக் கூப்பிடவும் முடியாது.

ஓக் கொட்டை இவ்வளவு விழுகிறதே, கன்று தானாக வராதா?

முளைக்கும். அதில் குறையே இல்லை. காக்கை இனத்தைச் சேர்ந்த ஜே என்ற நீலச் சிறகுப் பறவை ஒவ்வொன்றும் இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கான கொட்டைகளை மண்ணில் புதைத்து வைக்கும், மறந்துபோனவை முளைக்கும். முளைத்த கன்று கொட்டையில் இருக்கும் சேமிப்பை வைத்து முதல் ஆண்டை ஓட்டிவிடும். அதற்கப்புறம் வெளிச்சம் வேண்டும். அடர்ந்த நிழலில் சில ஆண்டு தாக்குப்பிடித்துவிட்டுச் செத்துப்போகும். நிழலான காட்டில் விரல் நீளக் கன்றுகள் நிறைய இருக்கும். இடுப்பளவு ஒன்றுகூட இருக்காது.

1907 வாக்கில் ஐரோப்பாவுக்குள் நுழைந்த சாம்பல் நோய்ப் பூஞ்சை இதை இன்னும் மோசமாக்கியது. இலைமேல் மாவு தூவியதுபோல் படியும். பெரிய மரம் பொறுத்துக்கொள்ளும். அரை வெளிச்சத்தில் திணறும் கன்றுக்கு அது கடைசி அடி.

அப்படித் தப்பியதை மான் தின்றுவிடுகிறது என்கிறார்களே?

உண்மை. ஓநாய் இல்லாத காட்டில் சிவப்பு மான், ரோ மான், வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட மத்தியதரைக்கடல் தீவுகளின் மூஃப்ளான் காட்டாடு எல்லாம் சேர்ந்து கன்றின் நுனியை மேய்ந்துவிடும். காட்டுப்பன்றி கொட்டையையே தோண்டித் தின்னும். பக்கத்து மக்காச்சோள வயல் அதற்குக் கோடையிலிருந்து அறுவடை வரை சாப்பாடும் மறைவிடமும். அதனால் வெட்டிய துண்டைச் சுற்றி வேலி போடாவிட்டால் மறுதாம்பும் மிஞ்சாது. வேட்டை உரிமையில் வருமானம் பார்ப்பவர்கள் மானைக் குறைக்கச் சம்மதிப்பதில்லை. மரம் வெட்ட அனுமதி வாங்குவதைவிட இந்தப் பேச்சுவார்த்தை கடினம்.

வண்டுகளுக்காகவா இவ்வளவு பாடு?

வண்டுகளுக்காகவும்தான். மூன்றைச் சொல்கிறேன், மூன்றுக்கும் மூன்று விதத் தேவை.

மான்கொம்பு வண்டு: ஆணுக்குத் தாடை மான் கொம்புபோல் நீண்டிருக்கும், கொம்போடு சேர்த்து 8 செ.மீ. வரை வரும். புழு மண்ணுக்குள் மக்கும் ஓக் கட்டையையும் வேரையும் தின்று 3 முதல் 6 ஆண்டு கிடக்கும். வண்டாகி வெளியே வந்தால் வாழ்வது சில வாரம். ஜூன் மாத மாலையில், இருட்டத் தொடங்கும் நேரத்தில், ஆண் வண்டு உடம்பைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுக்கொண்டு இரைச்சலோடு பறக்கும். கிளையில் முட்டி விழுவதும் உண்டு. வெட்டப்பட்ட பழைய கட்டைகள் அதற்குப் பிரசவ விடுதி.

பெரிய நீள்கொம்பு வண்டு, செராம்பிக்ஸ் செர்டோ: இதற்கு உயிருள்ள, பருத்த, வெயில்படும் ஓக் அடிமரம் வேண்டும். விரல் நுழையும் அளவுக்கு முட்டை வடிவத் துளை பட்டையில் தெரிந்தால் அது வெளியேறிய வழி. மரத்தைச் சுற்றி இளங்கன்றுகள் மண்டி நிழல் போட்டுவிட்டால் அந்த மரத்தைக் கைவிட்டுவிடும்.

துறவி வண்டு, ஆஸ்மோடெர்மா: பழைய மரப்பொந்துக்குள் சேரும் மக்கில் வாழ்வது. பெரும்பாலானவை பிறந்த பொந்தைவிட்டு வெளியே போவதே இல்லை. பக்கத்திலேயே இன்னொரு பொந்து மரம் இல்லாவிட்டால் கதை அந்த மரத்தோடு முடிந்தது.

பட்டாம்பூச்சியில், பாலவாவுக்குப் பக்கத்து மிலோவிட்சே காட்டில் உள்ள பர்னாசியஸ் நெமோசைனியைச் சொல்லலாம். அதன் புழு, மரங்கள் துளிர்க்கும் முன் முளைத்து மறையும் கோரிடாலிஸ் செடியை மட்டுமே தின்னும். காட்டுத் தரையில் வளரும் செடி, வெயில் கேட்கும் புழு. இரண்டும் ஒத்துவருவது திறந்த துண்டின் ஓரத்தில்தான்.

தானாகத் தீப்பிடிக்கும் செடி இருப்பது நிஜமா?

தானாக அல்ல, தீக்குச்சி வைக்க வேண்டும். டிக்டாம்னஸ் என்ற அந்தச் செடி எலுமிச்சை, கறிவேப்பிலை குடும்பம். தொட்டாலே எலுமிச்சை வாசம். மே, ஜூனில் இளஞ்சிவப்பாக, கருஞ்சிவப்பு நரம்போடு பூக்கும். பூக்காம்பு முழுக்க எண்ணெய்ச் சுரப்பிகள். காற்றில்லாத சூடான மாலையில் காம்பருகே தீக்குச்சியைக் காட்டினால் சுற்றியிருக்கும் ஆவி ஒரு நொடி பற்றி அணையும், செடிக்கு ஒன்றும் ஆகாது. தயவுசெய்து பரிசோதித்துப் பார்க்காதீர்கள், காய்ந்த புல் நடுவே நிற்கும் செடி அது. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கிளம்பும்.

பருவநிலை சூடாகிறது என்றால் இந்தக் காட்டுக்கு நல்லதுதானே?

முதல் பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். 2015-க்குப் பின் வந்த வறட்சிகளில் செக் நாட்டின் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத் தோட்டங்கள் பட்டை வண்டுக்குக் கூட்டம் கூட்டமாகப் பலியானபோது, "இனி ஓக்தான்" என்று எல்லோரும் சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் வறட்சி ஓக்கையும் விடுவதில்லை.

ஹங்கேரியில் எகெர் நகருக்குப் பக்கத்தில், நோஸ்வாய் கிராமத்தை ஒட்டி ஷீக்ஃபோகூட் என்ற ஆய்வுக்காடு இருக்கிறது. பால் யாகுச் 1972-ல் தொடங்கியது. துருக்கி ஓக்கும், முன்பு சொன்ன காம்பிலிக் கொட்டை ஓக்கும் (குவெர்கஸ் பெட்ரியா) கலந்த காடு. ஒவ்வொரு மரத்தையும் எண் போட்டுக் கண்காணிக்கிறார்கள். 1979–80 வாக்கில் மரங்கள் காயத் தொடங்கின. காம்பிலிக் கொட்டை ஓக்கில் பாதிக்கு மேல் செத்தன, துருக்கி ஓக்கில் அந்த அளவு சேதம் இல்லை. மரம் செத்து வெளிச்சம் வந்ததே, ஓக் கன்று எழுந்ததா? இல்லை. அந்த இடத்தைப் பிடித்தது வயல் மேப்பிள். புதராக நின்றது மரமாக உயர்ந்து இரண்டாவது கூரை போட்டுவிட்டது. வெளிச்சம் மட்டும் போதாது, எந்த நேரத்தில் யார் தயாராக நிற்கிறார்கள் என்பதும் முக்கியம். அதே காட்டில் 2000 முதல் இன்னொரு சோதனையும் நடக்கிறது: சில சதுரங்களில் சருகை முழுக்க அகற்றுகிறார்கள், சிலவற்றில் இரட்டிப்பாகக் கொட்டுகிறார்கள், சிலவற்றில் வேரே வராமல் தடுக்கிறார்கள். மண் எப்படி மாறுகிறது என்று பார்க்க.

புதுப் பூச்சிகளும் வருகின்றன. வட அமெரிக்காவின் ஓக் வலைச்சிறகுப் பூச்சி 2000-ல் இத்தாலியில் தென்பட்டது, 2013-ல் ஹங்கேரிக்கு வந்தது. இலையின் சாற்றை உறிஞ்சி ஆகஸ்டிலேயே காட்டை வெளிறச் செய்துவிடுகிறது.

சீமைக் கருவேலம் மாதிரி அங்கேயும் ஏதாவது உண்டா?

உண்டு, கதைகூட அதேதான். ரொபினியா என்ற வட அமெரிக்க மரம். 17-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது. வறண்ட மண்ணில் வளரும், வேரிலிருந்து துளிர்க்கும், அவரைக் குடும்பம் என்பதால் மண்ணில் நைட்ரஜனைச் சேர்க்கும். வெட்டினால் இருமடங்காகக் கிளம்பும். ஏழை மண்ணில் வாழ்ந்த செடிகள் இருந்த இடத்தில் காஞ்சொறி மண்டிவிடும்.

ஆனால் ஹங்கேரியின் காட்டுப்பரப்பில் ஏறக்குறைய கால்பங்கு இந்த மரம்தான். கட்டை உளுத்துப்போகாது, திராட்சைத் தோட்டத்துக்கு முளை; 'அக்கேசியா தேன்' என்று கடையில் விற்பது இதன் பூத்தேன். நாட்டின் பெருமைப் பொருட்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மரத்தை ஒழிப்பது பற்றி அங்கே பேசிப்பாருங்கள்! நடைமுறையில், அரிய ஓக் திட்டுகளுக்கு உள்ளேயும் ஓரத்திலும் மட்டும் அகற்றுகிறார்கள். ஒரே மூச்சில் வெட்டாமல், தண்டில் துளையிட்டுக் களைக்கொல்லி செலுத்தி, நின்ற நிலையிலேயே சாகவிட்டு, பல ஆண்டு பின்தொடர வேண்டும்.

சட்டம் இந்தக் காட்டைக் காப்பாற்றுகிறதா?

ஒரு கை காப்பாற்றுகிறது, மறு கை கட்டிப்போடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ம் ஆண்டு வாழிடச் சட்டத்தில் பூனைமயிர் ஓக் காடும், புல்வெளி ஓக் காடும் முன்னுரிமை வாழிடங்கள். ஆகவே நேட்டுரா 2000 என்ற ஐரோப்பியப் பாதுகாப்பு வலையமைப்பின் பகுதிகளாக அறிவிக்கப்பட்டுப் பணமும் வருகிறது. இன்னொரு பக்கம், செக் நாட்டின் 1995-ம் ஆண்டு வனச்சட்டம் 80 வயதுக்குக் குறைந்த காட்டில் முற்றுவெட்டு கூடாது என்கிறது, காட்டுக்குள் மாடு மேய்க்கக் கூடாது என்கிறது. கொள்ளையைத் தடுக்கப் போட்ட நல்ல விதிகள்தாம். ஆனால் 20, 30 ஆண்டுக்கு ஒரு முறை வெட்டும் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவர நினைப்பவர், பாதுகாப்பு வேலைக்காகவே விதிவிலக்கு வாங்க அலைய வேண்டியிருக்கிறது.

திரும்ப வெட்டிப் பார்த்தார்களா? பலன் உண்டா?

பாலவாவிலும், செக் நாட்டின் பொதியி தேசியப் பூங்காவிலும், ப்ர்னோ மெண்டல் பல்கலைக்கழகத்தின் பயிற்சிக் காட்டிலும் வெட்டிப் பார்க்கிறார்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டில் தரையில் செடிவகைகள் மளமளவென்று கூடும். அதில் பாதி முட்புதரும் களையும். அதைப் பார்த்துப் பதறக்கூடாது. அரிய செடிகள் மெதுவாகத்தான் வரும். பலவற்றின் விதை மண்ணில் நெடுங்காலம் உயிரோடு இருக்காது, தூரம் போகவும் தெரியாது. பக்கத்தில் ஒரு பாதையோரத்திலோ பாறை விளிம்பிலோ தாய்ச்செடி மிஞ்சியிருந்தால் வரும், இல்லாவிட்டால் வெட்டியும் பயனில்லை. அதனால்தான் எங்கே வெட்டுவது என்பது எவ்வளவு வெட்டுவது என்பதைவிடப் பெரிய முடிவு.

இன்னொன்று, அறுபது எழுபது ஆண்டு விட்டுப்போன ஓக் தண்டை வெட்டினால் எல்லாக் கட்டையும் துளிர்த்துவிடாது. கிழடு தட்டியதில் சில செத்துப்போகும்.

அப்படியென்றால் எல்லாக் காட்டையும் வெட்டலாமா?

கூடாது. இந்தப் பேச்சை விறகு வியாபாரி பிடித்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். அங்கே விறகுக்கு மறுபடி கிராக்கி இருக்கிறது. எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் 'பாரம்பரிய வெட்டு' என்ற பெயரில் பெரும் பரப்பை மொட்டையடிக்க ஆசை வரும்.

மேலே சொன்ன வண்டுகளைப் பாருங்கள். துறவி வண்டின் பொந்துக்கு 150, 200 ஆண்டு வேண்டும். அதைக் கோடாரியால் உண்டாக்க முடியாது. ஆகவே கலந்துதான் செய்ய வேண்டும்: சிறு துண்டுகளில் வெட்டு, நடுவே முதிர்ந்த மரங்களைச் சாகும்வரை விட்டுவைத்தல், விழுந்த மரத்தைத் தூக்காமல் கிடக்க விடுதல். ஐரோப்பிய ஒன்றியத்தின் லைஃப் நிதியில் ஹங்கேரியும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் திட்டம் ஒன்றில் சில மரங்களை வேண்டுமென்றே காயப்படுத்திப் பட்டமரமாக்குகிறார்கள், காட்டில் சின்னச் சின்னத் திறப்புகள் போடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிறுக்குத்தனம். வண்டுக்கு அதுதான் வீடு.

ஓக் கன்று நட்டால் போதாதா?

புதிதாக ஓக் தோப்பு உண்டாக்கப் போதும். ஒரே வயது மரங்கள் வரிசையாக நிற்கும்; நல்ல மரம் கிடைக்கும், ஹங்கேரியின் ஸெம்ப்ளேன் மலை ஓக்கில் செய்வதுபோல் ஒயின் பீப்பாயும் செய்யலாம். தரைச்செடிகள் கூடவே வராது.

அமெரிக்காவிலும் இதே பிரச்சினை என்று படித்தேனே?

காரணம் வேறு, முடிவு ஒன்று. அங்கே கிழக்கு மாநில ஓக் காடுகளைத் திறந்து வைத்திருந்தது பெரும்பாலும் தீ. 20-ம் நூற்றாண்டில் தீயை அடக்கியதும் சிவப்பு மேப்பிள் நிழலோடு ஏறிவந்தது. அதனால் அங்கே கட்டுப்படுத்திய தீ வைக்கிறார்கள். மத்திய ஐரோப்பாவில் தீக்கு அப்படிப்பட்ட இடம் இருந்ததில்லை, அந்த மருந்தை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை.

போய்ப் பார்க்க எந்த இடம், எந்த மாதம்?

மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை. வியன்னாவில் இருப்பவர்களுக்கு மிகச் சுலபம்: ஹைலிகென்ஸ்டாட்டிலிருந்து 38ஏ பஸ் பிடித்து லியோபோல்ட்ஸ்பெர்க் மேலே போய், டான்யூப் பக்கம் இறங்கும் நாசென்வெக் பாதையில் நடந்தால் பூனைமயிர் ஓக்கின் ஊடாகவே வருவீர்கள். செக் பக்கம் மிகுலோவில் தங்கி பாலவா குன்றுகளில் ஏறலாம். தியேவின் பாதுகாக்கப்பட்ட பகுதி, குறித்த பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஹங்கேரியில் எகெரிலிருந்து பிக் மலை அடிவாரம்.

முழுக்கால் சட்டையும் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் காடுகளில் உண்ணி அதிகம். லைம் நோயும், உண்ணி வழி வரும் மூளைக்காய்ச்சலும் இந்த மூன்று நாட்டிலும் உண்டு. இரண்டாவதற்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆனால் பல தவணை, போடக் காலம் பிடிக்கும். அங்கே நெடுநாள் தங்கப் போகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். திரும்பி வந்ததும் முழங்காலின் பின்பக்கம், அக்குள், இடுப்புவார் இறுகும் இடம் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குளியுங்கள்.